மூன்று எலும்புகளும் ஒரு ரத்தக்கட்டும்

தமிழில் துப்பறியும் நாவலும் திரைக்கதையும் வெப் சீரிஸும் எழுதும் அன்பு நண்பர்களுக்கு,



உங்கள் கதைகளில் தவறாமல் ஒரு காட்சி வருகிறது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிணவறைக்குள் நுழைகிறார். வெள்ளை கோட் போட்ட ஒருவர் துணியை விலக்கிப் பார்த்த மாத்திரத்தில், "நேத்து ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு உயிர் போயிருக்கு சார். கொன்னவன் இடது கைப் பழக்கமுள்ளவன்" என்கிறார். இன்ஸ்பெக்டர் தலையாட்டுகிறார். காட்சி முடிந்தது. அந்த மருத்துவருக்குப் பெயர் கிடையாது, வீடு வாசல் கிடையாது, அதன்பின் கதையில் வேலையும் கிடையாது. மறுபடி வந்தாலும் குடித்துவிட்டு உளறுபவராக வருகிறார். இல்லையென்றால் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி பொட்டலம் பிரிக்கும் விசித்திரப் பிறவியாக வருகிறார்.

இந்த மடல் அந்தப் பெயரில்லாத மருத்துவருக்காக எழுதப்படுகிறது. அவர் வேலையில் உண்மையாகவே ஒரு பெரிய நாடகம் நடக்கிறது. அது பதினொன்றே முக்காலில் இல்லை. "இதுவரைதான் என்னால் சொல்ல முடியும், இதற்கு மேல் முடியாது" என்று அவர் கோடு கிழிக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதைப் பொறுத்து ஒருவர் தூக்குமேடை ஏறியிருக்கிறார், இன்னொருவர் வீடு திரும்பியிருக்கிறார். இதை விளக்க ஒரு மனிதரின் வாழ்க்கையே போதும். அவர் பெயர் சிட்னி ஸ்மித்.

1883இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், ராக்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஸ்மித். இளவயதில் மருந்துக் கடையில் தொழில் பழகினார். மருந்து கலந்து கொடுத்துச் சம்பாதித்தபடியே படித்து, ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பலேறி, 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். எடின்பரோ உங்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. ஆர்தர் கோனன் டாயில் அங்கேதான் மருத்துவம் படித்தார். ஷெர்லக் ஹோம்ஸை அவர் வார்த்தெடுத்தது தம் ஆசிரியர் ஜோசப் பெல்லைப் பார்த்துத்தான். அந்த ஊரின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஹார்வி லிட்டில்ஜான், ஸ்மித்தைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

1913 ஜூனில், எடின்பரோவுக்கு மேற்கே ஹோப்டன் கல்குவாரியில் தேங்கிக் கிடந்த நீரில் ஏதோ மிதப்பதை உழவர்கள் இருவர் பார்த்தார்கள். கயிற்றால் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு சிறுவர்களின் உடல்கள். நீண்ட காலம் நீரில் கிடந்ததில் உடலின் கொழுப்பு மெழுகுபோல் இறுகியிருந்தது. ஈரமான, காற்றுப் படாத இடத்தில் கிடக்கும் உடலுக்கு இப்படி ஆவதுண்டு. மெழுகான உடல் அழுகாது. உள்ளே இருப்பதும் அப்படியே காப்பாற்றப்படும். ஸ்மித் இரைப்பையைத் திறந்தபோது பட்டாணி, பார்லி, உருளைக்கிழங்கு, டர்னிப் எல்லாம் இன்னதென்று அடையாளம் தெரியும் நிலையில் இருந்தன. ஸ்காட்லாந்தில் ஏழை வீடுகளிலும் கொதிக்கும் காய்கறிக் கஞ்சி அது. சாப்பிட்டு ஒரு மணி நேரம்போல ஆனபின் உயிர் போயிருக்கிறது. ஒரு சட்டையில் அநாதை ஏழைகளுக்கான விடுதி ஒன்றின் முத்திரை இருந்தது. போலீஸார் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். 1911 நவம்பரில் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி கொடுத்த ஒரு பெண் அதை நினைவு வைத்திருந்தார். தகப்பன் பேட்ரிக் ஹிக்கின்ஸ் 1913 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டான்.

பட்டம் வாங்கி ஓராண்டுகூடச் சரியாக ஆகாத இளைஞருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மெழுகான உடல் அவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது என்பதால், லிட்டில்ஜானும் ஸ்மித்தும் உடல்களின் சில பகுதிகளைப் போலீஸுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு எடின்பரோவுக்கு ரயிலேறினார்கள். பிற்காலத்தில் தம் நினைவு நூலில் ஸ்மித் இதை ஒளிவு மறைவின்றி எழுதினார். அந்தப் பகுதிகள் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருந்தன. குடும்பத்தின் வழிவந்த ஒருவர் கேட்டுப் போராடிய பிறகு, 2009இல்தான் அவை தகனம் செய்யப்பட்டன. மாணவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆர்வம், இரண்டு குழந்தைகளுக்குச் சேர வேண்டிய மரியாதையை விழுங்கிவிட்டது. இந்தத் தொழிலுக்கு இப்படியொரு ஆபத்து உண்டு. உங்கள் பாத்திரங்களுக்குக் குடிப்பழக்கத்தைவிடப் பொருத்தமான குறை இதுதான்.

1917இல் ஸ்மித் எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் நீதித்துறையின் சட்ட மருத்துவ வல்லுநர் பதவி. கூடவே மருத்துவப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலை. அங்கே ஒரு நாள் அவருக்கு முத்திரையிட்ட சிறு பொட்டலம் ஒன்று வந்தது. பழைய கிணறு ஒன்றிலிருந்து எடுத்த மூன்று எலும்புகள். மனித எலும்பா, விலங்கின் எலும்பா என்பதுதான் கேள்வி.

ஸ்மித் எழுதி அனுப்பிய பதில் கேட்டதைத் தாண்டிப் போனது. இவை ஒரு பெண்ணின் எலும்புகள். ஒல்லியான, குள்ளமான பெண். வயது 23இலிருந்து 25க்குள். குறைந்தது ஒரு முறை கருத்தரித்திருக்கிறாள். இடது கால் ஊனம்; நொண்டி நடந்திருக்கிறாள். வீட்டில் செய்த ஈயக் குண்டு போட்ட துப்பாக்கியால் சுடப்பட்டிருக்கிறாள். சுட்டவுடன் சாகவில்லை, ஏழு முதல் பத்து நாள் வரை உயிரோடு இருந்து, காயம் சீழ்பிடித்து இறந்திருக்கிறாள். இறந்து மூன்று மாதமாவது இருக்கும்.

படிக்கும்போது மந்திரம்போல இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய காரணம் இருந்தது. மூன்று எலும்புகளில் இரண்டு இடுப்பெலும்புகள், ஒன்று முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு. மூன்றும் சேர்ந்தால் முழு இடுப்புக்கூடு கிடைக்கும். ஆணா பெண்ணா என்பதை இடுப்புக்கூட்டைவிடத் தெளிவாகச் சொல்லும் எலும்பு உடம்பில் இல்லை. இடுப்பின் மேல்விளிம்பு எலும்போடு முழுதாக ஒட்டிச் சேருவது இருபதுகளின் நடுவில். இங்கே அது ஏறக்குறைய சேர்ந்திருந்தது. அதனால் வயது தெரிந்தது. எலும்பிலிருந்த பள்ளங்கள் கருத்தரித்ததைக் காட்டின. வலப்பக்க இடுப்பெலும்பு இடப்பக்கத்தைவிடப் பெரிது, கனமும் அதிகம். பல ஆண்டுகள் உடலின் பாரம் வலக்காலிலேயே இறங்கியிருந்தால்தான் அப்படி ஆகும். ஈயக் குண்டு எலும்பிலேயே புதைந்து கிடந்தது. சுற்றிலும் சீழ்பிடித்ததற்கான அரிப்பு. அது உண்டாகச் சில நாட்களாவது உயிர் இருந்திருக்க வேண்டும். போலீஸார் விசாரித்தபோது காணாமல்போன, கால் ஊனமான ஒரு பெண் இருந்தது தெரிந்தது. துப்பாக்கி தற்செயலாக வெடித்து மகள்மேல் குண்டு பாய்ந்ததாகவும், ஒரு வாரம்போல வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதாகவும், அவள் இறந்ததும் பயந்து கிணற்றில் போட்டதாகவும் தந்தை ஒப்புக்கொண்டார்.

உங்களில் பலருக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். இதிலுள்ள ஜாலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காரணங்களை உதறிவிட்டீர்கள் என்பதுதான் குறை. அதே எலும்புகளை வேறொரு மருத்துவர் கையில் கொடுத்திருந்தால் அவரும் அந்தப் பள்ளத்தையும் அந்தக் கனத்தையும் பார்த்திருப்பார். ஸ்மித் சொன்னதை மறுக்க விரும்புகிறவருக்கும் எலும்பு மேசைமேல் இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1924 நவம்பர் 19 அன்று கெய்ரோவின் தெருவில், எகிப்தியப் படையின் தலைவரும் சூடானின் கவர்னர் ஜெனரலுமான சர் லீ ஸ்டாக் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு எதிரான கோபம் கனன்றுகொண்டிருந்த காலம். இந்தக் கொலையைக் காட்டியே எகிப்தியப் படைகளைச் சூடானிலிருந்து வெளியேற்றியது பிரிட்டன். இவ்வளவு அரசியல் கனம் ஏறிய வழக்கில் ஸ்மித் பார்த்தது குண்டுகளை. முந்தைய அரசியல் கொலைகளின் குண்டுகளையும் தோட்டா உறைகளையும் அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார். ஒரு கோல்ட் கைத்துப்பாக்கியின் குழல் விட்டுச்சென்ற கீறல் அவருக்குப் பழக்கமான கீறல். தப்பியோட முயன்ற சகோதரர்கள் இருவர் ரயிலில் பிடிபட்டபோது, பழக்கூடைக்குள் கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் ஒரு கோல்ட்டைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குண்டையும் ஸ்டாக்கின் உடலிலிருந்து எடுத்த குண்டையும் ஒப்பிட்டார். கீறலுக்குக் கீறல் பொருந்தியது. 1926இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் படங்களோடு அதை வெளியிட்டார். "என் அனுபவத்தில் சொல்கிறேன், நம்புங்கள்" என்று அவர் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று படத்தை வைத்தார்.

1928இல் எடின்பரோவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1953 வரை அதே நாற்காலி. அடுத்த ஆண்டுக்குள்ளேயே, 1929இன் இறுதியில், அவருடைய வாழ்க்கையின் கடினமான வழக்கு வந்து சேர்ந்தது. இந்த முறை எதிரணியில் நின்றவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி. இங்கிலாந்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1910இல் கிரிப்பன் வழக்கில் புகழ் பெற்றவர். அவர் சொன்னால் அதுதான் முடிவு என்ற நிலை அப்போது உருவாகியிருந்தது.

மார்கேட் நகரின் மெட்ரோபோல் ஹோட்டலில், 1929 அக்டோபர் 23 இரவு, ரோசலின் ஃபாக்ஸ் என்ற முதிய பெண்மணியின் அறையில் தீப்பிடித்தது. அவர் இறந்துபோனார். அவர்மேல் எடுத்திருந்த காப்பீடு அன்று நள்ளிரவோடு முடிய இருந்தது. மகன் சிட்னி ஃபாக்ஸ் ஏற்கெனவே மோசடிப் பேர்வழி. புதைத்த உடலைத் தோண்டி எடுத்து ஸ்பில்ஸ்பரி பரிசோதித்தார். மூச்சுக்குழலில் புகைக்கரி இல்லை. அதனால் தீ பரவுமுன்பே உயிர் போய்விட்டது என்றார். அது வலுவான வாதம். ஆனால் கழுத்தை நெரித்ததற்கு ஆதாரமாக அவர் காட்டியது குரல்வளையின் பின்புறம் இருந்த ஒரு ரத்தக்கட்டை. அதை அவர் பார்த்தார். வேறு எவரும் பார்க்கவில்லை. பதப்படுத்திய குரல்வளையை ஸ்மித்தும் இன்னொரு மருத்துவரும் பரிசோதித்தபோது அதில் ரத்தக்கட்டு இல்லை. அழுகும்போது அது மறைந்துவிட்டது என்றார் ஸ்பில்ஸ்பரி. அழுகலில் உண்டான நிறமாற்றத்தைத்தான் அவர் பார்த்திருக்கிறார் என்றார் ஸ்மித். நெரிக்கப்பட்ட கழுத்தில் எதிர்பார்க்கக்கூடிய பிற காயங்களும் இல்லை. அந்த அம்மாளுக்கு இதய நோய் இருந்தது.

ஃபாக்ஸை நிரபராதி என்று ஸ்மித் சொல்லவில்லை. இந்த உடலை வைத்துக்கொண்டு கொலை என்று சொல்ல முடியாது என்றார். இரண்டும் வேறு வேறு. சாட்சிக் கூண்டில் ஃபாக்ஸ் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டான். தாய் உள்ளே இருக்கும்போதே புகை வெளியே பரவாமலிருக்கக் கதவைச் சாத்தியதாக ஒப்புக்கொண்டான். 1930 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டான். அவன் குற்றவாளியாகவே இருந்திருக்கலாம். என்றாலும் ஒருவர் மட்டும் பார்த்து, பின்பு எவருக்கும் காட்ட முடியாமல்போன ஒரு தடத்துக்கு நீதிமன்றத்தில் இடம் கொடுத்தது தவறு. மூன்று எலும்புகளிலிருந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையையே சொன்ன மனிதர், ஒரு ரத்தக்கட்டை ஏற்க மறுத்தது முரண் அல்ல. எலும்பு மேசைமேல் இருந்தது, ரத்தக்கட்டு இல்லை. உங்கள் கதைகளில் வரும் சட்ட மருத்துவர்கள் எல்லாருமே ஸ்பில்ஸ்பரியின் பிள்ளைகளாக இருக்கிறார்கள். ஸ்மித்தின் வாரிசாக ஒருவரையாவது எழுதுங்கள்.

உங்கள் கதைகளின் மருத்துவர்கள் எல்லாரும் தனியாளாகவும் இருக்கிறார்கள். 1935இல் ஸ்காட்லாந்தின் மோஃபட் அருகே ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் வெட்டப்பட்ட உடற்பாகங்கள் கலந்து கிடந்தன. குற்றவாளி பம்பாயில் பிறந்து லங்காஸ்டரில் தொழில் நடத்திய பக் ரக்ஸ்டன் என்ற மருத்துவர். எந்தெந்த அடையாளங்களைச் சிதைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து இரண்டு உடல்களாக்க எடின்பரோவின் ஸ்மித், உடற்கூறு பேராசிரியர் பிராஷ், கிளாஸ்கோவின் கிளெய்ஸ்டர், பல் மருத்துவர், புழுவின் வயதைக் கணித்தவர் என ஒரு கூட்டமே உழைத்தது. இறந்தவரின் புகைப்படத்தின்மேல் மண்டையோட்டின் படத்தை வைத்துப் பொருத்திப் பார்த்தது பிராஷ். பெரிய வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் துலங்குகின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். உயிர் போன நேரத்தைக் கணிக்கும் கலை குளிர்நாடுகளில் பிறந்தது. உடல் மணிக்கு இவ்வளவு டிகிரி குளிரும் என்று பழைய பாடநூல்கள் போட்ட கணக்கு லண்டன் அறைக்குச் சரி. சித்திரை மாதத்து மதுரையில், ஓட்டு வீட்டுக்குள் கிடக்கும் உடல் எதை நோக்கிக் குளிரும்? அறையின் வெப்பமே உடலின் வெப்பத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. விறைப்பும் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். அறை வெப்பம், எடை, உடுத்திய துணி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இன்றைய சிறந்த சூத்திரமான ஹென்ஸ்கே முறைகூட, நல்ல நிலைமையிலேயே, கணித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 2.8 மணி நேரம் இடம் விடுகிறது. ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி! பதினொன்றே முக்கால் என்று சொல்லும் உங்கள் மருத்துவர் எந்தச் சூத்திரத்தை வைத்திருக்கிறார்?

வேறு சிலவும் இருக்கின்றன. உடல் நீலம் பாரித்திருந்தால் விஷம் என்று இன்னமும் எழுதுகிறீர்கள். ரத்தம் ஓட்டம் நின்று தாழ்ந்த பக்கம் இறங்கித் தேங்குவதால் வரும் கருநீலம் எல்லாப் பிணத்துக்கும் உண்டு. கார்பன் மோனாக்சைடும் சயனைடும் கொடுப்பது பளிச்சென்ற சிவப்பு. ரசாயன ஆய்வுக்குப் போகும் ஈரல், இரைப்பை போன்றவற்றை நம் மருத்துவமனைகளில் வழக்கமாகப் போட்டு அனுப்புவது கெட்டியான உப்புக் கரைசலில். ஃபார்மலினில் போட்டால் விஷம் கண்டுபிடிக்கும் வேலையே கெட்டுவிடும். கொலைக்கு ஆளானவரின் உடலை நள்ளிரவில் அறுக்கும் காட்சியையும் கொஞ்சம் யோசியுங்கள். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில்தான் அனுமதித்தது. அப்போதும் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய இரவில் எடுக்கக் கூடாது என்று விலக்கி வைத்தது.

உயிர் போன நேரம் என்ற இந்தக் கேள்வி, தமிழர் ஒருவரின் கழுத்தைச் சுற்றி இறுகிய வழக்கு ஒன்று உண்டு. சிட்னி ஸ்மித் அதற்காகக் கொழும்புக்கே வந்தார்.

மகாதேவ சதாசிவம். யாழ்ப்பாணத் தமிழர், இலங்கை கண்ட அழகான மட்டையாளர்களில் ஒருவர். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் எடுத்தவர். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். வீட்டில் மணவாழ்வு முறிந்து, மனைவி விவாகரத்து கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். 1951 அக்டோபர் 9 அன்று பம்பலப்பிட்டி வீட்டின் கார் கொட்டகையில் திருமதி சதாசிவம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வில்லியம் என்ற இளைஞன் அவருடைய நகைகளோடு தலைமறைவானான். பிடிபட்டதும், ஐயா சொல்லித்தான் நானும் சேர்ந்து செய்தேன் என்றான். அரசு அவனுக்கு நிபந்தனை மன்னிப்புக் கொடுத்துத் தன் பக்கச் சாட்சியாக்கிக்கொண்டது. சதாசிவம் சிறையில் இருந்தார்.

அன்று காலை சதாசிவம் அந்த வீட்டிலிருந்து டாக்சியில் கிளம்பியது ஏறத்தாழ 10.30க்கு. வழக்கு முழுவதும் அந்தப் பத்தரையைச் சுற்றிச் சுழன்றது. அதற்கு முன்பு உயிர் போயிருந்தால் கணவர்மேல் சந்தேகம் விழும். பிறகு என்றால் வீட்டில் இருந்தவன் வில்லியம். உங்கள் பெயரில்லாத மருத்துவரை இந்த வழக்கில் கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 10.20 என்று சொல்லியிருந்தால் ஒரு தூக்கு. 10.40 என்றால் ஒரு விடுதலை. இரண்டையும் அவர் அதே மிடுக்கோடு சொல்லியிருப்பார்.

கொழும்பின் சட்ட வைத்திய அதிகாரி ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம் அப்படிச் செய்யவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சட்ட மருத்துவப் பேராசிரியர் அவர். குளிர்நாட்டுக் கணக்கு கொழும்பின் வெக்கைக்குப் பொருந்தாது என்பது அவருக்குத் தெரியும். பொருந்தும் கணக்கு வேண்டுமென்றால், எந்த நிமிடம் உயிர் போனது என்று ஐயமின்றித் தெரிந்த உடல்கள் வேண்டும். அப்படிப்பட்ட உடல்கள் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: தூக்குமேடை. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் உடல் வெப்பம் எப்படி இறங்குகிறது என்று அளந்து அளந்து குறித்தார். வெப்ப நாட்டில் உடல் குளிரும் விதம்பற்றிய அந்த அளவுகளை 1955இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்று வெளியிட்டது. கட்டுரையில் மூன்று பெயர்கள்: டி சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி. இன்றைக்கும் உலகெங்கும் இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் அந்த அளவுகளைக் குறிப்பிடுகிறார்கள்.

சதாசிவத்துக்காக வாதாடியவர் டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா, இடதுசாரித் தலைவர், பின்னாளில் 1972 அரசியலமைப்பை வடித்த அமைச்சர். அவர் அழைப்பில் ஸ்மித் கொழும்புக்கு வந்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. மணிக்கணக்கோடு அவர் நிற்கவில்லை. இறந்தவரின் பாதங்கள் இருந்த நிலையில் கவனம் வைத்தார். உள்ளங்காலில் அழுக்கு ஒட்டியிருந்தது. வில்லியம் சொன்ன கதைப்படி கொலை நடந்தது மாடியிலுள்ள படுக்கையறையில். காயங்களும் பாத அழுக்கும் சமையலறையில் நடந்த கொலைக்கே பொருந்துகின்றன. ஒருவனே செய்திருக்க முடியும் என்பது ஸ்மித்தின் கருத்து. அழுக்குப் படிந்த உள்ளங்கால் எந்த நடுவருக்கும் புரியும் சான்று. 57 நாள் நடந்த விசாரணையின் முடிவில், நீதிபதி கிரேஷன் முன்னிலையில், 1953 ஜூன் 25 அன்று நடுவர் குழு சதாசிவம் குற்றவாளி அல்லர் என்று ஒருமனதாகச் சொன்னது. கைதாகி ஏறத்தாழ இருபது மாதம் கழித்து அவர் வெளியே வந்தார்.

மன்னிப்பு வாங்கியிருந்த வில்லியமுக்கும் தண்டனை இல்லை. நான்கு பெண் பிள்ளைகளின் தாயைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சட்ட மருத்துவர்கள் அந்த வழக்கில் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். ஆனாலும் நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்தக் கசப்பை மறைத்து எழுத வேண்டாம்.

ஸ்மித்தின் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பாத்திரங்களுக்கு வீடே இல்லாததால். மனைவியின் பெயர் கேத்தரின். மகன் சிட்னி குட்சர் ஸ்மித் எடின்பரோவில் மருத்துவம் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்காட்ஸ் மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவரானார். 1948இல் வந்த அவருடைய நெடுங்கவிதை காதலைப் பாடியது. தந்தை மருத்துவப் புலத்தின் தலைவராக இருந்தார், 1949இல் சர் பட்டம் பெற்றார், ஓய்வுபெற்ற பிறகு மாணவர்கள் அவரைப் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1959இல் வெளிவந்த நினைவு நூலில், வென்ற வழக்குகளைப்போலவே, ஃபாக்ஸின் வழக்கையும் விரிவாக எழுதினார். 1969இல் காலமானார்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை பிணவறைக் காட்சி எழுதும்போது அதை ஒரு நிமிடத்தில் முடிக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் சட்ட மருத்துவத் துறைக்குப் போய், அங்கு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். மருத்துவரிடம் மட்டுமல்ல, உடலைத் தூக்கித் திருப்பி, திறந்து, தைத்து, குளிப்பாட்டி உறவினரிடம் ஒப்படைக்கும் ஊழியரிடமும் கேளுங்கள். வெளியே மரத்தடியில் காத்திருக்கும் குடும்பத்தைப் பாருங்கள். பிறகு நீதிமன்றத்துக்குப் போங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல், "டாக்டர், பத்தரைக்கு முன்பு நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்வீர்களா?" என்று கேட்கும் கணத்தில் உங்கள் கேமராவை அவர் முகத்தில் வையுங்கள். "அப்படிச் சொல்ல முடியாது" என்ற அவருடைய பதிலைக் கேட்டு நீதிமன்றமே சலசலக்கட்டும், அரசு வக்கீல் கோபப்படட்டும், மேலதிகாரி மறுநாள் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளட்டும். அவர் தம் குறிப்பேட்டிலுள்ள அளவுகளைக் காட்டி, அதே பதிலில் நிற்கட்டும்.

கருவும் தயாராக இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட மனிதனின் உடலருகில் வெப்பமானியோடு நின்று, மணிக்கு மணி எண்களைக் குறித்த பேராசிரியர். அந்த எண்களைச் சேர்த்து எழுதியவர்களில் கதிர்காமத்தம்பி என்ற ஒரு தமிழ்ப் பெயர். சிறையில் காத்திருக்கும் கிரிக்கெட் வீரர். இதை வைத்து ஒரு நல்ல நாவலோ தொடரோ யார் எழுதினாலும் முதல் ஆளாக வாங்கிப் படிக்க, பார்க்க, பலருக்கும் சொல்ல ஒருவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கதைகளை நெடுங்காலமாகப் படித்துவரும் ஒரு வாசகர்